எமர்ஜென்சி பட்டன் சரி, பேனலுக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயந்திர விபத்துச் செய்திகளில் ‘எமர்ஜென்சி பட்டனை அமுக்கியும் மெஷின் நிற்கவில்லை’ என்று ஒரு வரி வரும். அதோடு செய்தி முடிந்துவிடும். ஏன் நிற்கவில்லை என்பதுதான் பிரஸ் ஷாப்பும் பஞ்சாலையும் பவுண்டரியும் நடத்துகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பட்டனுக்கும் மோட்டாருக்கும் நடுவே, பேனலுக்குள் (மின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்), போட வேண்டிய சேஃப்டி கன்ட்ரோலரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கத்துத் தொழில்முனைவோருக்கும் பேனல் கட்டுகிறவர்களுக்கும் உதவும் என்பதால் இடம் தர வேண்டுகிறோம்.

சிறு தொழிற்கூடங்களில் வழக்கமான வயரிங் எளிமையானது. பட்டனில் ஒரே ஒரு என்.சி. கான்டாக்ட் (அமுக்காதவரை மூடியிருக்கும் முனை), மோட்டார் கான்டாக்டரின் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காந்த ஸ்விட்சின்) காயிலுக்குப் போகும் சப்ளை அதன் வழியாகப் போகும். அமுக்கினால் காயிலுக்கு சப்ளை அறும், கான்டாக்டர் விடும், மோட்டார் நிற்கும். மெஷின் வந்திறங்கிய நாளில் ஓட்டிக் காட்டும்போது அருமையாக வேலை செய்யும். கோளாறு அதற்குப் பிறகு வருகிறது, வந்ததும் தெரிவதில்லை.

முதலாவது கான்டாக்டர் ஒட்டிக்கொள்வது. ஓயாத ஜாகிங் (கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டி நிறுத்துவது), அடிக்கடி ஸ்டார்ட்-ஸ்டாப், எப்போதோ நடந்த ஒரு ஷார்ட் சர்க்யூட், இதில் எது நடந்தாலும் முனைகள் உருகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளலாம். மூன்றில் இரண்டு முனை ஒட்டினாலே போதும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது. இரண்டாவது, பலர் கவனிக்காத ஒன்று. பட்டனின் தலை பேனல் கதவுக்கு வெளியே இருக்கும். கான்டாக்ட் பிளாக் உள்ளே ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். அதிர்விலோ, கதவைத் திறந்து மூடும்போது வயர் இழுபட்டோ அந்த பிளாக் கழன்று தொங்கினால் என்ன ஆகும்? அது என்.சி. கான்டாக்ட், தொங்கினாலும் மூடியே இருக்கும். மெஷின் வழக்கம்போல ஓடும். வெளியே தலையை எத்தனை முறை ஓங்கிக் குத்தினாலும் உள்ளே சர்க்யூட்டுக்குச் சேதி போகாது. இதற்கென்றே தன்னைத்தானே கண்காணிக்கும் பிளாக் கிடைக்கிறது. தலையோடு சேர்ந்திருக்கும்வரை மட்டும் மூடியிருக்கும் இன்னொரு கான்டாக்ட் அதில் தொடராக இருக்கும். பிளாக் கழன்ற நொடியே மெஷின் நின்றுவிடும். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். பிளாக்கின் மேல் வட்டத்துக்குள் அம்புபோல ஒரு குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிரிங்கை நம்பாமல், அமுக்கும் விசையே கான்டாக்டைப் பிரித்துவிடும் என்பதற்கான அடையாளம் அது. ஐ.இ.சி. 60947-5-5 தரத்தில் வரும் எமர்ஜென்சி பட்டனில் இது இருந்தாக வேண்டும்.

இந்த இரண்டு கோளாறும் பட்டனை அமுக்கும்போதுதான் வெளிப்படும். எமர்ஜென்சி பட்டனோ மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடப்பது. ஆகவே சேஃப்டி ரிலே, சேஃப்டி கன்ட்ரோலர் என்று விற்கப்படும் பொருளின் முதல் வேலை, கோளாறை அடுத்த ஆபத்துக்கு முன்பே கண்டுபிடித்து மெஷினை ஓடவிடாமல் செய்வது. பட்டனிலிருந்து இரண்டு தனித்தனி சேனல் (வயர்ப் பாதை) வரும். இரண்டும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்க்கும். ஒவ்வொரு சேனலிலும் வெவ்வேறு நேரத்தில் சின்னச் சின்ன டெஸ்ட் பல்ஸ் அனுப்பும். ஒன்றின் பல்ஸ் இன்னொன்றில் தெரிந்தால் கேபிளுக்குள் இரண்டும் ஷார்ட் என்று அர்த்தம். அவுட்புட்டில் இரண்டு கான்டாக்டர் தொடராக இருக்கும். ஒன்று ஒட்டினாலும் மற்றது அறுக்கும். ஒட்டியதை, கான்டாக்டரின் நிலையைக் கன்ட்ரோலருக்குத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் வயர் காட்டிக்கொடுக்கும்.

‘ஏற்கெனவே பி.எல்.சி. இருக்கிறதே, எமர்ஜென்சியை அதன் இன்புட்டில் கொடுத்தால் ஆகாதா?’ என்று, மெஷினை ஓட்டும் புரோகிராம் கன்ட்ரோலரைக் காட்டிக் கேட்காத முதலாளி குறைவு. ஆகாது. சாதாரண பி.எல்.சி.யின் டிரான்சிஸ்டர் அவுட்புட் கெட்டால் ‘ஆன்’ நிலையிலேயே நின்றுபோகும் வாய்ப்பு உண்டு. அதைச் சரிபார்க்க உள்ளே இரண்டாவது பிராசசர் கிடையாது. புரோகிராமில் யாராவது ஒரு வரியை மாற்றிவிட்டுப் போனாலும் யாருக்கும் தெரியாது. எமர்ஜென்சி பட்டனின் இரண்டு சேனலும் நேராக சேஃப்டி கன்ட்ரோலருக்குப் போகட்டும், பி.எல்.சி.க்கு ‘எமர்ஜென்சி அமுக்கப்பட்டிருக்கிறது’ என்ற தகவல் மட்டும் போனால் போதும்.

எதை வாங்குவது? சந்தையில் மூன்று ரகம். ஒரே வேலைக்கான சேஃப்டி ரிலே. கம்ப்யூட்டரில் பிளாக்குகளை இணைத்து லாஜிக் அமைக்கும் சேஃப்டி கன்ட்ரோலர். மெஷினின் முழுக் கட்டுப்பாட்டையும் சேர்த்துப் பார்க்கும் சேஃப்டி பி.எல்.சி. ஒரே ஒரு கன்வேயர், ஒரு எமர்ஜென்சி பட்டன், ஒரு மோட்டார் என்றால் முதல் ரகம் தாராளம்; அதற்கு மேல் செலவழிப்பது வீண். எமர்ஜென்சியோடு கதவு, லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரை), டூ-ஹேண்ட் பட்டன் (இரண்டு கையாலும் அமுக்கினால்தான் ஓடும் பட்டன்) என்று வேலை மூன்றைத் தாண்டும்போது ரிலேக்களை அடுக்கி ஒன்றின் கான்டாக்டை இன்னொன்றில் கோர்த்துக்கொண்டே போவார்கள். வயரிங் சிக்கலாகும், கோளாறு வந்தால் எந்த ரிலே என்று கண்டுபிடிக்கவே ஷிப்டில் பாதி போகும். கடைசியில் யாராவது ஜம்பர் (பாதுகாப்பைத் தாண்டிப்போகும் குறுக்கு வயர்) போட்டுவிடுவார்கள். அங்கேதான் கன்ட்ரோலர் தன் விலையைத் திருப்பித் தரும். சேஃப்டி பி.எல்.சி. பல மெஷின்கள் நெட்வொர்க்கில் சேர்ந்து ஓடும் லைனுக்கு. தனி மெஷினுக்கு அதைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனையாளரிடம் காரணம் கேளுங்கள்.

கேட்டலாக்கைத் திறக்கும் முன் மெஷினைச் சுற்றி வந்து எண்ண வேண்டும். நியூமேடிக் கிளட்ச் உள்ள ஒரு பவர் பிரஸ், தகட்டுச் சுருளைப் பிரிக்கும் டீகாயிலரும் அதை உள்ளே தள்ளும் ஃபீடரும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். எமர்ஜென்சி பட்டன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஃபீடரில் ஒன்று, டீகாயிலரில் ஒன்று. நான்கு, ஆளுக்கு இரண்டு சேனல், 8 இன்புட். லைட் கர்ட்டனுக்கு 2. இரண்டு கார்டு (தடுப்பு) கதவுக்கு 4. டூ-ஹேண்ட் கன்ட்ரோலுக்கு 4. இன்ச், சிங்கிள், கன்டினியூயஸ் என்ற மோட் செலக்டருக்கு 3. ராம் (அச்சோடு மேலும் கீழும் போகும் பகுதி) எங்கே இருக்கிறது என்று சொல்லும் ரோட்டரி கேமிலிருந்து 3. ரீசெட் 1, கான்டாக்டர் ஃபீட்பேக் 1, கிளட்ச் வால்வின் கண்காணிப்பு 2. கூட்டினால் 28. பின்னால் ஒரு கதவோ பட்டனோ கூடும் என்று 20 சதவீதம் விட்டுவைத்தால் 34. அவுட்புட்டில் மெயின் மோட்டாருக்கு ஒரு ஜோடி, கிளட்ச்-பிரேக்கின் இரட்டை வால்வுக்கு ஒரு ஜோடி, ஃபீடரின் சர்வோ டிரைவில் (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவியில்) மோட்டாருக்கு விசை போகாமல் தடுக்கும் எஸ்.டி.ஓ. இன்புட்டுக்கு ஒரு ஜோடி. ‘16 இன்புட் கன்ட்ரோலர் மலிவாக இருக்கிறது’ என்று முதலில் வாங்கிவிட்டு, பற்றாக்குறைக்கு எமர்ஜென்சியையும் கதவையும் ஒரே கோட்டில் தொடராகக் கோர்ப்பதுதான் நம்மூரில் அதிகம் நடப்பது. பிரஸ் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ராம் உச்சியைத் தாண்டி ஓடுகிறதா என்று கேமை வைத்துக் கண்காணிக்கும் பிரஸ்ஸுக்கான ஃபங்ஷன் பிளாக் (தயாராக எழுதிய புரோகிராம் பகுதி), சான்றிதழோடு, அந்த கன்ட்ரோலரில் இருக்கிறதா? எல்லாவற்றிலும் இருக்காது.

தொடராகக் கோர்ப்பது எப்போதும் தவறில்லை. எமர்ஜென்சி பட்டன்களை ஒரே நேரத்தில் இரண்டு பேர் அமுக்குவது அரிது. ஒரே பகுதியை நிறுத்தும் பட்டன்களைக் கோர்க்கலாம், எது அமுக்கப்பட்டது என்று தெரியாமல் போகும் அவ்வளவுதான். கதவுகள் அப்படியல்ல. அடிக்கடி திறந்து மூடுவார்கள், ஒன்று திறந்திருக்கும்போதே இன்னொன்றும் திறக்கும். முதல் கதவின் ஸ்விட்சில் ஒரு சேனல் ஒட்டிப்போனதை கன்ட்ரோலர் கண்டுபிடித்திருக்கும். அந்த நேரத்தில் இரண்டாவது கதவைத் திறந்து மூடினால் இரண்டு சேனலும் ஒழுங்காக மாறியதுபோலத் தெரிந்து கோளாறு மறைந்துவிடும். அடுத்த சேனலும் போனால் கதவு திறந்தபடியே மெஷின் ஓடும். 2015-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 24119 என்ற தொழில்நுட்ப அறிக்கை முழுக்க இந்த ஒரு பிரச்சினையைப் பற்றியதாகவே இருந்தது. கதவுகளுக்குத் தனித்தனி இன்புட் கொடுங்கள்.

விளம்பரத்தில் பெரிதாக இருப்பது ‘பி.எல். இ’ என்ற வார்த்தை. பி.எல். என்பது பெர்ஃபார்மன்ஸ் லெவல், நம்பகத்தன்மையின் நிலை. ஐ.எஸ்.ஓ. 13849-1 தரம் பாதுகாப்புச் செயல்பாட்டை ஏ முதல் இ வரை ஐந்து நிலையாகப் பிரிக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஆபத்தான கோளாறு நேரும் சாத்தியம் ‘டி’க்குப் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு, ‘இ’க்கு ஒரு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. இந்த எண் பட்டன், கன்ட்ரோலர், கான்டாக்டர் மூன்றையும் கூட்டி வருவது. கன்ட்ரோலர் ‘இ’யாக இருந்து பின்னால் ஒற்றைக் கான்டாக்டர், அதுவும் ஃபீட்பேக் இல்லாமல் இருந்தால் மொத்தம் ‘சி’யைத் தாண்டாது. எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 13850-இன் 2015 பதிப்பு கேட்கும் குறைந்தபட்சம் ‘சி’. மெஷினின் அபாயத்தைக் கணித்தால் அதற்கு மேல் ‘டி’ வேண்டியிருக்கலாம். கை அச்சுக்குள் போகும் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் செயல்பாட்டுக்குப் பெரும்பாலும் ‘இ’ வேண்டும். கன்வேயருக்கும் ‘இ’தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் ஆடிட்டர்களும் இருக்கிறார்கள், அந்தப் பணத்தை நல்ல கார்டுக்குச் செலவழிக்கலாம்.

கான்டாக்டரின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஐ.எஸ்.ஓ. 13849-1 தரத்தின் அட்டவணையில், முழு லோடில் இயங்கும் கான்டாக்டருக்கு பி10டி மதிப்பு (பத்தில் ஒன்று ஆபத்தாகக் கெடும்வரை இயங்கும் எண்ணிக்கை) 13 லட்சம் முறை. தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். சேஃப்டி கான்டாக்டரையே தினசரி ஸ்டார்ட்-ஸ்டாப்புக்கும் பயன்படுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஷிப்ட், வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 2,88,000 முறை ஆகிறது. 13 லட்சத்தை அதால் வகுத்தால் நாலரை வருஷம். அதற்குள் மாற்றியாக வேண்டும். 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்ட பி.எல். அதற்கு மேல் செல்லாது. ஓட்டுவதற்கு டிரைவோ தனிக் கான்டாக்டரோ இருக்கட்டும். சேஃப்டி ஜோடி எமர்ஜென்சிக்கும் ஷிப்ட் தொடக்கத்துக்கும் மட்டும் இயங்கட்டும்.

அந்த ஜோடியில் பார்க்க வேண்டியது மிரர் கான்டாக்ட். மெயின் முனைகளில் ஏதேனும் ஒன்று ஒட்டியிருந்தால் துணை என்.சி. மூடவே மூடாது என்ற உத்தரவாதம் அதில் உண்டு. பக்கவாட்டில் கிளிப்பாக மாட்டும் எல்லாத் துணைக் கான்டாக்டுக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. தயாரிப்பாளரின் தாளில் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். இரண்டு என்.சி.யையும் தொடராகச் சேர்த்து கன்ட்ரோலரின் ஃபீட்பேக் இன்புட்டில் கொடுத்தால், ஒட்டியபிறகு ரீசெட் ஆகாது. காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு போடுவது இன்னொரு வழக்கம். டி.சி. காயிலில் அது கான்டாக்டர் விடும் நேரத்தைப் பல மடங்கு நீட்டிவிடும். அதற்குப் பதில் வேரிஸ்டர் போட்டால் அந்த நீட்டிப்பு சில மில்லிசெகண்டோடு நின்றுவிடும். முன்னால் ஃபியூஸோ பிரேக்கரோ தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மேல் போகக் கூடாது. ஷார்ட்டில் முனை ஒட்டாமல் காப்பது அதுதான்.

நேரம் ஏன் முக்கியம்? லைட் கர்ட்டனை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை மெஷின் நிற்கும் நேரம் முடிவு செய்கிறது. ஐ.எஸ்.ஓ. 13855 தரத்தில் கையின் வேகம் நொடிக்கு 2,000 மில்லிமீட்டர். லைட் கர்ட்டன் 15 மில்லிசெகண்ட், கன்ட்ரோலர் 25, வால்வும் பிரேக்கும் சேர்ந்து 160 என்றால் மொத்தம் 200, 14 மி.மீ. ரெசல்யூஷன் (அந்தத் தடிமனுள்ள விரலையும் கண்டுபிடிக்கும்) கர்ட்டனுக்கு 400 மி.மீ. தூரம் வேண்டும். கன்ட்ரோலரில் கூடும் ஒவ்வொரு 10 மில்லிசெகண்டும் 20 மி.மீ. பழைய ரிலேவை எடுத்துவிட்டு, நெட்வொர்க் வழியாகப் போகும் ஒன்றைப் போட்டதில் 45 மில்லிசெகண்ட் கூடினால் கர்ட்டனை 90 மி.மீ. பின்னுக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த இடமில்லை என்றால் அந்தக் கன்ட்ரோலர் அந்த மெஷினுக்கு இல்லை. பிரேக் லைனிங் தேய்ந்தால் 160 என்பது 200 ஆகும் என்பதையும் மறக்கக் கூடாது; வருஷத்துக்கு ஒருமுறையாவது நிற்கும் நேரத்தை அளந்து பாருங்கள்.

எப்படி நிற்க வேண்டும் என்பதும் மெஷினைப் பொறுத்தது. ஐ.இ.சி. 60204-1 எமர்ஜென்சிக்கு இரண்டு வழியை அனுமதிக்கிறது: உடனே சப்ளையை அறுப்பது கேட்டகரி 0, கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டு அறுப்பது கேட்டகரி 1. பஞ்சாலையின் கார்டிங் மெஷினில் சிலிண்டர் கனமானது. சப்ளையை அறுத்தால் நிமிடக்கணக்கில் தானாகச் சுற்றும். அங்கே கேட்டகரி 0 தொழிலாளியை ஏமாற்றும் ஏற்பாடு. டிரைவ் பிரேக் போட்டு நிறுத்தட்டும், பிறகு எஸ்.டி.ஓ. அறுக்கட்டும். அதற்கு கன்ட்ரோலரில் தாமத அவுட்புட் வேண்டும். 6 நொடியில் நிற்கும் மெஷினுக்குத் தாமதம் 7 நொடி என்று அமைத்து, பாஸ்வேர்டுக்குள் பூட்டி வைக்க வேண்டும். பேனல் முகப்பில் திருகி மாற்றும்படி விட்டால் ஒருநாள் அது 30 ஆகிவிடும். இதோடு கதவுக்குப் பூட்டும் ரக ஸ்விட்ச். சிலிண்டர் நிற்கும்வரை திறக்காது. செங்குத்தாக இறங்கும் அச்சும் காந்தச் சக்கும் வேறு கதை. அங்கே எல்லா சப்ளையையும் அறுத்தால் பிடித்திருந்த பாரம் விழும். எமர்ஜென்சி புதிய ஆபத்தை உண்டாக்கக் கூடாது. பிரேக்கும் காந்தமும் லைட்டும் எங்கிருந்து ஊட்டப்படுகின்றன என்று வரைபடத்தில் பார்த்தபிறகே எதை அறுப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

டிரைவின் எஸ்.டி.ஓ. இன்புட்டை நேராக கன்ட்ரோலரின் செமிகண்டக்டர் அவுட்புட்டில் இணைக்கும்போது காரணமில்லாமல் மெஷின் நிற்கிறது என்ற புகார் அடிக்கடி வரும். காரணம் டெஸ்ட் பல்ஸ். அவுட்புட்டைத் தானே சோதிக்க கன்ட்ரோலர் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாக அதை அணைத்துப் பார்க்கும்; சில டிரைவ்களும் எலக்ட்ரானிக் காயில் உள்ள சில கான்டாக்டர்களும் அதையே நிறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். வாங்கும் முன்பே இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து, இது அனுப்பும் பல்ஸ் அகலத்தை அது தாங்குமா என்று ஒப்பிட வேண்டும். பார்க்காமல் வாங்கிவிட்டு டெஸ்ட் பல்ஸையே அணைத்துவிடுகிறார்கள், அணைத்தால் பி.எல். கணக்கும் இறங்கும். 24 வோல்ட் சப்ளையின் 0 வோல்ட்டை எர்த்தோடு இணைப்பதும் அப்படித்தான் விட்டுப்போகும். இணைத்திருந்தால் ஒரு வயர் பாடியில் பட்டவுடன் ஃபியூஸ் போய்விடும். இணைக்காவிட்டால் முதல் எர்த் ஃபால்ட் சத்தமில்லாமல் கிடக்கும். இரண்டாவது வரும்போது பட்டனையே தாண்டி காயிலுக்கு சப்ளை போகலாம்.

ரீசெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டனைத் திருகி விடுவிப்பது மெஷினை ஓட்டக் கூடாது. பிறகு ரீசெட், அதற்குப் பிறகு ஸ்டார்ட். ரிலேயில் ஆட்டோ ரீசெட் ஜம்பரோடு பட்டனை இணைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். ரீசெட் பட்டனை அமுக்கி விடும்போது மட்டும் ஏற்கும் வகையை அமைத்தால், குச்சியை வைத்து அமுக்கியே வைப்பது பலிக்காது. அந்தப் பட்டன் ஆபத்தான பகுதி முழுதும் கண்ணில் படும் இடத்தில், உள்ளே நிற்பவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். எமர்ஜென்சி பட்டனோ தரையிலிருந்து 0.6 முதல் 1.7 மீட்டர் உயரத்துக்குள். முன்னால் ஸ்கிராப் தொட்டி வைக்கக் கூடாது.

பேனல் கட்டியவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் நான்கு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனிலும் ஒரு சேனல் வயரை மட்டும் கழற்றிவிட வேண்டும். மெஷின் நிற்க வேண்டும், பட்டனை அமுக்கி விடுவித்தாலும் ரீசெட் ஆகக் கூடாது. இரண்டு சேனலையும் டெர்மினலில் ஷார்ட் செய்தால் கன்ட்ரோலர் ஃபால்ட் காட்ட வேண்டும். ஃபீட்பேக் வயரைக் கழற்றினால் அடுத்த ரீசெட் ஏற்கக் கூடாது. ரீசெட்டை அமுக்கிப் பிடித்தபடி எமர்ஜென்சியை விடுவித்தால் எதுவும் நடக்கக் கூடாது. நான்கையும் தாளில் எழுதி, கன்ட்ரோலர் காட்டும் செக்சம் எண்ணையும் (புரோகிராமின் அடையாள எண்ணையும்) அதே தாளில் குறித்து, இருவரும் கையெழுத்துப் போடட்டும். பின்னாளில் செக்சம் மாறியிருந்தால் யாரோ புரோகிராமைத் தொட்டிருக்கிறார்கள் என்று தெரியும். புரோகிராம் ஃபைலும் பாஸ்வேர்டும் தொழிற்சாலையின் பீரோவில் இருக்க வேண்டும். பேனல்காரரின் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் அவர் ஊர் மாறியதும் ஜம்பர்தான் வழி. அதற்குப் பிறகு ‘இ’ நிலைச் செயல்பாடுகளை மாதம் ஒருமுறையும், ‘டி’ நிலையை வருஷத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமலும் அமுக்கிச் சோதிக்க வேண்டும். பட்டனை வெறுமனே அமுக்குவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வாரம் ஒருமுறை செய்தாலும் நஷ்டமில்லை.

எந்தக் கன்ட்ரோலரும் உதவாத மெஷின் ஒன்று உண்டு: பின் கிளட்ச், ரோலிங் கீ கிளட்ச் பவர் பிரஸ். கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடியும்வரை நடுவில் விடாது. மோட்டாரை அறுத்தாலும் ஃபிளைவீல் ராமைக் கீழே இறக்கிவிடும். அதன் முன்னால் லைட் கர்ட்டன் மாட்டி, பச்சை விளக்கு எரியவிட்டு ஆபரேட்டரை நிறுத்துவது குற்றத்துக்குச் சமம். விளக்கை நம்பி அவர் கையை விடுவார். அந்த பிரஸ்ஸுக்கு வழி இரண்டே: விரல் நுழையாதபடி அச்சை முழுக்க மூடும் நிலையான கார்டு, அல்லது நியூமேடிக் ஃப்ரிக்ஷன் கிளட்சுக்கு மாற்றுவது. விற்க வருகிறவர் இதைச் சொல்லாவிட்டால் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். அதேபோல, எமர்ஜென்சியை அமுக்கிவிட்டு அச்சு மாற்றக் கையை உள்ளே விடுவதும் கூடாது. அந்த வேலைக்கு ஐசோலேட்டரை (மெயின் ஸ்விட்சை) அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்கிறவர் பையில் வைத்துக்கொண்டு, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வைக்க வேண்டும்.

அவசரத்தில் சப்ளையை அறுக்கும் ஏற்பாடு ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் இருக்க வேண்டும், அது பராமரிக்கப்படவும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆவது பிரிவிலேயே எழுதியிருந்தது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், பேனலைத் திறந்து ஒரு சேனல் வயரைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரியும். கொடிசியா, டான்ஸ்டியா, அம்பத்தூர் தொழிற்பேட்டைச் சங்கம் போன்றவை தங்கள் கூட்டங்களில் ஒரு மாதிரிப் பேனலை வைக்கலாம்: ஒட்டிப்போன கான்டாக்டர் ஒன்று, கழன்ற பிளாக் ஒன்று, ஷார்ட்டான கேபிள் ஒன்று. முதலாளிகளே அமுக்கிப் பார்க்கட்டும். கன்ட்ரோலருக்குக் கொட்டேஷன் கேட்கும்போது மாடல் நம்பரோடு நிற்காமல், இன்புட்-அவுட்புட் கணக்கு, மொத்தப் பதில் நேரம், முழுச் சங்கிலிக்கான பி.எல். கணக்கு, நான்கு சோதனைகளின் படிவம் ஆகியவற்றையும் எழுத்தில் கேட்கும் வழக்கம் வந்தால், பேனல்காரர்களும் அதற்கேற்ப மாறுவார்கள்.

இப்படிக்கு,
இயந்திரப் பாதுகாப்புப் பொறியாளர்கள் சிலர்,
ஓசூர்.